கருப்பசாமி கோயிலில் செல்ஃப் எடுக்காத கார்

மாசி சிவராத்திரி என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிவன் கோயில் இரண்டாம்பட்சம். மதுரை, தேனி, விருதுநகர், ராமநாதபுரம் ஜில்லாக்களில் அன்றைக்கு ராத்திரி அவரவர் குலதெய்வத்தைத் தேடிக் கிளம்பிவிடுவோம். எங்களுக்குக் கமுதி பக்கம், தார்ரோடு முடிந்து மண்பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போனால், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே வெட்டவெளியில் நிற்கிற கருப்பசாமி. கோபுரம் கிடையாது, கூரை கிடையாது, கரண்டும் கிடையாது. வருடத்துக்கு ஒரு நாள் வாடகை ஜெனரேட்டர் வந்து நாலு டியூப் லைட் எரியும், அவ்வளவுதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்த ஜெனரேட்டர் வரவில்லை. அட்வான்ஸ் வாங்கியவர் போனை அணைத்துவிட்டார். அடுப்பைக் கூட்டிவிட்டு, அரிசியில் கல் கிடக்கிறதா என்றுகூடப் பார்க்க முடியாமல் அத்தை சத்தம் போட்டார்: "அந்தக் காரை இப்படித் திருப்பி லைட்டைப் போட்டு விடேண்டா." திருப்பிப் போட்டேன். "பெட்ரோல் எதுக்குடா சும்மா எரியுது, இஞ்சினை அமத்து" என்றார் சித்தப்பா. அமத்தினேன். யாரோ ஒரு மச்சான் போகிற போக்கில் சாமிப் பாட்டையும் போட்டுவிட்டுப் போனார்.

பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் விளக்கு ஒன்றுக்கு 55 வாட், இரண்டுக்கு 110. பின்னாடி எரியும் சிவப்பு விளக்கு, டேஷ்போர்டு, பாட்டு எல்லாம் சேர்த்து ஒரு 130 வாட் என்று வைத்தால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 11 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும். மூன்று மணி நேரத்துக்கு 33 ஆம்பியர்-அவர். என் காரில் இருந்தது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதுவும் நாலு வருடப் பழசு. அத்தையின் பொங்கல் பொங்கியதே என் பேட்டரியின் வெளிச்சத்தில்தான்.

ராத்திரி மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினால் டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை.

இந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி கிளம்பவில்லை என்றதும் "பேட்டரி டவுன்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம், ஆனால் வண்டி என்ன சொல்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். டக் டக் என்று வேகமாகத் தொடர்ந்து அடித்து, டேஷ்போர்டு விளக்கும் மங்கி மங்கி எரிந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சரக்கு இல்லை. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்து, ஒரே ஒரு டக் மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. லூசாகக் கிடக்கும், இல்லையென்றால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய் இருக்கும். ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் கழுவி இறுக்கிவிட்டாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. சுத்தமாகக் காலி.

குலதெய்வக் கோயிலில் வண்டி நின்றுபோனால் ஒரு வசதி, தள்ள ஆள் பஞ்சமே இல்லை. பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்து, சாவி ஆன், வேகம் எடுத்ததும் கிளட்சைப் பட்டென்று விட வேண்டும். நல்ல ரோடாக இருந்திருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். ஆனால் மணலில் டயர் இழுத்துக்கொண்டு போனதே தவிர இஞ்சின் சுற்றவில்லை. இன்னொன்றும் உண்டு. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் பேட்டரிதான் உயிர் கொடுக்கிறது. அதுவே இல்லாதபோது எவ்வளவு தள்ளினாலும் வீண்தான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இந்த வித்தையை நினைத்தே பார்க்கக் கூடாது. தள்ளும்போது இஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாக இருக்கும் என்பதையும் உட்கார்ந்திருப்பவர் மறக்கக் கூடாது. நான் மறந்தேன், ஒரு கருவேல மரம் பம்பரைத் தடவிவிட்டது.

"உங்கப்பன் அம்பாசிடரா இருந்தா இந்நேரம் ஹேண்டில் போட்டு ஒரு சுத்துல எடுத்திருப்பான்" என்றார் சித்தப்பா. உண்மைதான். அப்பாவின் அம்பாசிடரில் முன்னால் ஒரு ஓட்டை இருக்கும், அதில் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்றினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். சுற்றிப் பிடித்தால், இஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ போய்விடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் வண்டிகளில் வந்தபோது முதலில் காப்பாற்றப்பட்டவை மணிக்கட்டுகள்தான். அதற்குப் பதிலாக நாம் பேட்டரியை நம்பி வாழ ஆரம்பித்துவிட்டோம்.

அப்போதுதான் லாரி வந்து உதவி பண்ணப் பார்த்தது. பெரியப்பா வகையறா ஐம்பது பேர் பத்துச் சக்கர லாரியில் வந்திருந்தார்கள். லாரி ஓட்டியவரும் சொந்தம்தான், மனது நிறைய உதவுகிற ஆள். "கேபிள் இருக்கு மாப்ள, நம்ம பேட்டரில கொடுத்தா ஒரு தட்டுதான்" என்று லாரியை என் கார் பக்கம் கொண்டுவந்தே நிறுத்திவிட்டார். நானும் பானட்டைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, லாரி வேணாம்ணே. அது இருபத்துநாலு."

பாத்திரம் பண்டமும் கிடாவும் ஏற்றிக்கொண்டு வந்த சின்ன யானையின் (டாடா ஏஸ் மினி லாரி) டிரைவர். இருபத்தைந்து வயது இருக்கும். சொந்தக்காரர் கூட்டத்தில் வாடகை வண்டிக்காரன் பேசக் கூடாது என்று இவ்வளவு நேரம் ஓரமாக நின்றிருக்கிறான் போல. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெரிய லாரி, பஸ்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக மாட்டி 24 வோல்ட்டாக ஓட்டுகிறார்கள். அதைக் கொண்டுபோய் 12 வோல்ட் காரில் கொடுத்தால் கம்ப்யூட்டர், ஏர்பேக் கட்டுப்பாடு, விளக்குகள் என்று எது போகும் எது தப்பும் என்று சொல்ல முடியாது, பேட்டரியும் கொதித்து வாயு கக்க ஆரம்பித்துவிடும். லாரியின் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கலாமே என்று லாரிக்காரர் வாதாடினார். தெரிந்தவர் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் செய்தால் முடியும்தான், ராத்திரி மூன்று மணிக்குச் செல்போன் டார்ச்சில் செய்யிற வேலை இல்லை அது. சின்ன யானை 12 வோல்ட். அதுவே போதும்.

எனக்கு அந்தப் பையன் மேல் உடனே நம்பிக்கை வந்ததற்குக் காரணம், அவன் கேபிளை எடுப்பதற்கு முன்னால் கையிலிருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டான். என் மோதிரத்தையும் கழற்றச் சொன்னான். "பன்னெண்டு வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே" என்றார் மச்சான். ஷாக் அடிக்காது, அதனால்தான் எல்லோரும் அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்கி ஒட்டுவதும் 20, 30 வோல்ட்தான். சுடுவது ஆம்பியர். இஞ்சினைச் சுற்ற ஒரு சின்னக் கார் செல்ஃபே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், டீசல் வண்டி இன்னும் அதிகம். பிளஸ் டெர்மினலுக்கும் வண்டி பாடிக்கும் நடுவே ஒரு காப்போ ஸ்பேனரோ மாட்டினால், அந்த ஆம்பியர் அத்தனையும் அது வழியாகப் பாயும். மோதிரம் பழுக்கிற நேரத்தில் விரலை எடுக்க முடியாது.

அடுத்து அவன் என் பேட்டரியைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். வெடிப்பு இருக்கிறதா, உப்பியிருக்கிறதா, ஆசிட் கசிந்திருக்கிறதா என்று. மேலே இருக்கிற சின்னக் கண்ணாடிக் கண்ணையும் பார்த்தான். பச்சை தெரிந்தால் சார்ஜ் இருக்கிறது, கறுப்பென்றால் சார்ஜ் இல்லை, வெளுப்பாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, அதற்கு ஜம்ப் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக உயிர் கொடுப்பது) கொடுக்கவே கூடாது. என்னுடையது கறுப்பு.

இந்த நேரத்தில்தான் நான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற, அன்றைக்குக் குலை நடுங்கின அந்தக் காட்சி. கருப்பசாமிக்குப் படைத்த சுருட்டில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு சித்தப்பா பானட்டுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்கிறார். அந்தப் பக்கம் அத்தை, கையில் சூடத்தட்டு. கொழுந்துவிட்டு எரிகிறது. "சாமி ஏதோ குறை வச்சிருக்கு, வண்டிக்கு ஒரு சூடத்தைக் காட்டிட்டு எடுங்க." தட்டு பானட்டுக்கு நேராக வந்துகொண்டிருக்கிறது. பையன் கேபிளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு கத்தினான், "ஆத்தா, அங்கயே நில்லுங்க! பேட்டரி வெடிக்கும்!"

மிகைப்படுத்தவில்லை அவன். லெட் ஆசிட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளிவரும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பேட்டரி மூடியைச் சுற்றி அது தேங்கி நிற்கும்போது ஒரு பொறி போதும், மேல்மூடி சிதறி, உள்ளிருக்கும் சல்பூரிக் ஆசிட் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற முகத்தில்தான் வந்து விழும். கண்ணில் பட்டால் யோசிக்காமல் நல்ல தண்ணீரை ஊற்றிக் கால் மணி, இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. கமுதிக் காட்டில், ராத்திரி மூன்று மணிக்கு. சித்தப்பா சுருட்டை எட்டப் போய்க் குடித்தார். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டைக் கருப்பசாமிக்கே காட்டிவிட்டு வந்தார்.

சரி, இப்போது கேபிள். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் நிற்கிறது, இரண்டிலும் இஞ்சின் ஆஃப், சாவி ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியர் நியூட்ரலில். பையன் முதலில் சிவப்பை என் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் கவ்வவிட்டான். சிவப்பின் மறுமுனை எதிலும் படாமல் நான் தூக்கிப் பிடித்திருந்தேன், அதை அவன் வண்டி பிளஸ்ஸில் போட்டான். பிறகு கறுப்பு, அவன் வண்டி மைனஸ்ஸில். மிச்சம் ஒரே ஒரு கவ்வி. நான் அதை என் பேட்டரியின் மைனஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க இல்லண்ணே. இஞ்சின்ல ஒரு போல்ட்டுல போடுங்க. பேட்டரியை விட்டுத் தள்ளி."

இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன், நாலைந்து தடவை ஜம்ப் கொடுத்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன், எப்போதும் சிவப்புக்குச் சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு என்றுதான் போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டேன். "கடைசியா போடுற இடத்துலதாண்ணே பொறி வரும்" என்றான். அவ்வளவுதான் அவன் விளக்கம். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. மூன்று முனை மாட்டியவரை மின்சாரம் ஓட வழி இல்லை, நாலாவது தொடும்போதுதான் வட்டம் முழுமையாகும், அந்தக் கணம் அந்த இடத்தில் நிச்சயம் ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறி ஹைட்ரஜன் நிற்கிற பேட்டரி தலையில் பறக்க வேண்டுமா, ஒன்றரை அடி தள்ளி வெறும் இரும்பில் பறக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. பேட்டரி மைனஸ் ஏற்கெனவே இஞ்சினோடும் பாடியோடும் இணைந்திருப்பதால் எங்கே மாட்டினாலும் மின்சாரத்துக்கு ஒன்றுதான். பெயிண்ட் அடிக்காத, கெட்டியான இரும்பாக இருக்க வேண்டும், ஃபேன், பெல்ட் பக்கம் கேபிள் தொங்கக் கூடாது, பெட்ரோல் குழாய் பக்கமும் கூடாது.

சிவப்பு ஏன் முதலில் என்பதற்கும் இதே தர்க்கம்தான். கறுப்பை முதலில் மாட்டிவிட்டால் இரண்டு வண்டியின் பாடியும் ஒரே மைனஸ் ஆகிவிடும், அதன் பிறகு கையிலிருக்கிற சிவப்புக் கவ்வி நழுவி எந்த வண்டியின் எந்த இரும்பில் விழுந்தாலும் ஷார்ட்.

மாட்டினேன். கும்மிருட்டில் நீலமாக ஒரு சின்னப் பொறி, டிக் என்று. பகலாக இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். இதற்கு முன்னால் நாலைந்து தடவை இதே பொறியைப் பேட்டரியின் தலையில், என் மூக்குக்கு நேரே பறக்கவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டான். ஓடுகிற இஞ்சினில் டைனமோ (மெக்கானிக் எவரும் ஆல்டர்னேட்டர் என்று சொல்லிக் கேட்டதில்லை) 14 வோல்ட் பக்கம் கொடுக்கும், நிரம்பிய பேட்டரியே சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்தான், அந்த வித்தியாசத்தில் என் பேட்டரிக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். நான் சாவியைத் திருப்பினேன். உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் குலவை சத்தம். ஐந்து, பத்து விநாடிக்கு மேல் செல்ஃபைப் பிடித்துக்கொண்டே இருக்காமல், விட்டு விட்டு நாலு தடவை முயன்றும் கிளம்பாவிட்டால் விட்டுவிடுவது நல்லது என்று பையன் முன்பே சொல்லியிருந்தான், அது தேவைப்படவில்லை.

எல்லோரும் கவனக்குறைவாகிற இடம் இதுதான். வண்டி ஓடிவிட்ட சந்தோஷத்தில் கவ்விகளைப் பிடுங்கி எறிவோம். வாயு அதிகம் இருப்பது இப்போதுதான், ஏனென்றால் பேட்டரிக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கழற்றும்போதும் பொறி வரும். அதனால் மாட்டியதற்கு நேர் தலைகீழாக, இஞ்சினில் மாட்டின கறுப்பு முதலில், பிறகு அவன் மைனஸ், அவன் பிளஸ், கடைசியில் என் பிளஸ். கழற்றுவதற்கு முன் என்னை ஏசி பிளோயரைப் போடச் சொன்னான். கேபிள் விடுபடும் நேரத்தில் வோல்டேஜ் துள்ளும், அதை வாங்கிக்கொள்ள ஒரு சுமை இருந்தால் எலக்ட்ரானிக்ஸுக்கு நல்லது.

சின்ன யானைப் பையனுக்குக் கொடுத்த 500 ரூபாயை வாங்க மாட்டேன் என்றான். கிடாக் கறியில் ஒரு தூக்குச்சட்டி கட்டிக் கொடுத்தார் அத்தை, அதை வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது இன்னொரு பழைய கதை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 2020 ஊரடங்கில் எங்கள் அடுக்குமாடியில் இரண்டு மாதம் அசையாமல் நின்ற கார்கள் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. நிறுத்தி வைத்தாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவகம் என்று ஒரு 50 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அந்தக் கசிவிலேயே ஒரு மாதத்தில் காலி. எதிர்வீட்டுக்காரர் காருக்கு நான் ஜம்ப் கொடுத்தேன். அவர் பேட்டரியை முன்பு மாற்றியவர் மைனஸ் பக்கத்தில் சிவப்பு மூடியைப் போட்டுவைத்திருந்தார், நான் மூடியின் நிறத்தை நம்பினேன். பட்டென்று ஒரு வெளிச்சம், என் வண்டியின் மெயின் ஃபியூஸும் அவர் வண்டி டைனமோவின் டயோடுகளும் போயின. இரண்டு பேருக்கும் சேர்த்துச் செலவு 14,000 ரூபாய். அவர் இன்றைக்கும் லிஃப்டில் பார்த்தால் கொஞ்சம் தயங்கித்தான் சிரிக்கிறார். பேட்டரி உடம்பில் புடைப்பாகப் போட்டிருக்கிற + - குறியைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை இப்போது. அழுக்காக இருந்தால் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

அருப்புக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது இஞ்சினை அணைக்கவில்லை, மச்சானை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போனேன். மதுரை வந்து சேர்ந்ததும் அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன், எடுத்தது. ஆனாலும் நம்பவில்லை. அடியோடு காலியான பேட்டரியை ஒன்றிரண்டு மணி நேர ஓட்டம் நிரப்பாது, டைனமோவின் வேலை அது இல்லை. பேட்டரிக் கடையில் கொடுத்து ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டு, அடுத்த நாள் லோடு வைத்துப் பார்த்ததில் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். நாலு வருடம் மதுரை வெயிலில் உழைத்ததே பெரிசு என்றார். குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் பேட்டரி போய்விட்டது என்று புலம்புவார்கள், ஆனால் பேட்டரியை உள்ளுக்குள் அரிப்பது சூடுதான். தண்ணீர் ஆவியாகிறது, ஈயத் தகடு அரிக்கிறது. நமக்கு வருடம் முழுக்க அதுதான்.

அந்தக் கடையிலேயே ஒரு பெரியவர், டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடுகிற இஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போனார். அம்பாசிடர் காலத்து வழக்கம். கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். பேட்டரி இல்லாமல் டைனமோ ஓடினால் வோல்டேஜ் எகிறி, இன்றைய வண்டியில் கம்ப்யூட்டரே போகலாம். மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிட வேலை. 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே காட்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது.

புது பேட்டரி போட்டேன். கூடவே ஒரு நல்ல கேபிளும் வாங்கினேன், தடிமனான செம்புக் கம்பி. ரோட்டோரத்தில் மலிவாகத் தொங்குகிற கேபிளில் ரப்பர்தான் தடிமன், உள்ளே கம்பி நூல் மாதிரி, ஆம்பியர் ஏறினால் கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கும். கைக்கடக்கமான லித்தியம் பேக் ஒன்று வாங்கி வைத்துக்கொள் என்று மகள் சொல்கிறாள், இன்னொரு வண்டியே தேவையில்லை. நல்லதுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் பூட்டின காருக்குள் அதைப் போட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை, பயணம் போகும்போது மட்டும் எடுத்துப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் மாசி சிவராத்திரிக்கு அத்தை முன்னேற்பாடாகப் பெரிய எமர்ஜென்சி லைட் ஒன்றைப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெருமையாக எடுத்து ஸ்விட்சைப் போட்டார். அதில் சார்ஜ் இல்லை. காரைத் திருப்பி லைட்டைப் போட்டேன், இந்தத் தடவை இஞ்சினை அணைக்கவில்லை. சித்தப்பா பெட்ரோலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சுருட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.